மணலை மிதக்க விட்டால் மீன் தொட்டி எப்படிச் சுத்தமாகிறது?

மீன் கழிவாக வெளியேற்றும், மீனுக்கே நஞ்சான அம்மோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகவே போகிறது. அதனால் அடியில் படியும் கழிவை எவ்வளவு உறிஞ்சி எடுத்தாலும் அம்மோனியா தண்ணீரில் கரைந்தே இருக்கும். அதைப் பெரும்பாலும் கையாள்பவை பாக்டீரியாக்கள்தான். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், வேறு சில அதை நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் பல காலம் நம்பினார்கள். நன்னீர்த் தொட்டிகளில் உண்மையில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று திமோத்தி ஹோவனெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1998இல் காட்டினார்கள்.

இவை எதன்மேலாவது ஒட்டிக்கொண்டுதான் நன்றாக வளரும். ஆகவே ஃபில்டரில் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பதே முக்கியக் கேள்வி. கால் மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மணல் ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மணல் மணிகளை உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் மொத்தப் பரப்பு சுமார் 14 சதுர மீட்டர் வருகிறது, அதாவது 150 சதுர அடி!

ஆனால் சும்மா கிடக்கும் மணலில் இந்தப் பரப்பு வீண். மணிகள் நெருங்கிக் கிடப்பதால் தண்ணீர் தனக்கென்று சில வழிகளைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். மற்ற இடங்களில் அழுக்கு அடைத்துக்கொள்ளும். எனவே நீளமான ஒரு குழாயில் மணலைப் போட்டு, அடியிலிருந்து மேல்நோக்கித் தண்ணீரை ஏற்றுகிறார்கள். வேகம் கூடக் கூட, ஒரு கட்டத்தில் தண்ணீரின் உந்துதல் மணலின் எடைக்குச் சமமாகிறது. அப்போது மணிகள் ஒன்றையொன்று விட்டு விலகி, உலையில் கொதிக்கும் அரிசிபோலப் புரள ஆரம்பிக்கும். இந்த அளவு மணலுக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வேகமே போதும். குழாயைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள், மணலின் மேல்மட்டம் சாயாமல் தண்ணீர்போலச் சமமாகவே நிற்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

இப்போது ஒவ்வொரு மணியையும் சுற்றிலும் தண்ணீர் தொடுகிறது. மணிகள் உரசிக்கொள்வதால் தடித்துப்போன பழைய பாக்டீரியாப் படலம் தானாக உதிர்கிறது. படலம் அளவுக்கு மீறித் தடித்தால் மணியின் சராசரி அடர்த்தி குறைந்து அது மேலே மேலே ஏறும், சில சமயம் தொட்டிக்குள்ளேயே வந்து விழும். மணல் மட்டம் உயர்ந்துகொண்டே போனால் பம்ப்பின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். இந்த ஃபில்டர் குப்பையைப் பிடிக்காது என்பதால் பம்ப் தண்ணீரை உறிஞ்சும் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் கட்டாயம் தேவை. அப்புறம், ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகும். வெளியேறும் தண்ணீரை மேலிருந்து சலசலவென்று விழச் செய்வது நல்லது. நைட்ரேட்டை இது நீக்காது. அதற்குத் தண்ணீர் மாற்றத்தான் வேண்டும்.

இதன் பெரிய பலவீனம் கரண்ட் போவது. பம்ப் நின்றதும் மணல் அடியில் இறுகிவிடும், அத்தனை பாக்டீரியாவும் இருக்கிற ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துவிடும். தண்ணீர் பின்வாங்கினால் மணல் பம்ப்புக்குள் புகுந்துவிடும். அதைத் தடுக்க ஒருவழி வால்வு வேண்டும். பல மணி நேரம் நின்றுபோன ஃபில்டரை மறுபடி ஓட்டும்போது, முதலில் வரும் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். ஆக்சிஜன் தீர்ந்த தண்ணீர் அது, அழுகிய முட்டை நாற்றம்கூட அடிக்கலாம். வாளியில் பிடித்துக் கீழே கொட்டிவிட்டு, மணல் முழுவதும் மறுபடி எழும்பிப் புரள்கிறதா என்று பார்த்த பிறகு குழாயைத் தொட்டிக்குத் திருப்புங்கள்.