மார்க் வருவதற்கு முன்பே பெற்றோருக்குத் தெரியட்டும்

நான்காம் வகுப்புப் பிள்ளையின் டைரி ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். கணக்கு, பக்கம் 42, 1 முதல் 5 வரை. இரண்டாம் பருவக் கட்டணத்துக்குக் கடைசி நாள். நகம் வெட்டி வரவும். நாளை கலர் டிரஸ். இவ்வளவும் இருக்கும். இந்த வாரம் வகுப்பில் பிள்ளைக்கு எது புரிந்தது, எந்த இடத்தில் திணறுகிறது என்பது மட்டும் இருக்காது. வீட்டுக்கு அது தெரிவது விடைத்தாள் வரும் நாளில்தான். அதற்குள் பாடம் முடிந்திருக்கும், ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். வீட்டில் பிள்ளை திட்டு வாங்குவது மட்டும்தான் நடக்கும்.

மூன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளில்தான் இந்த இடைவெளி அதிகம். ஒன்று, இரண்டாம் வகுப்பில் அம்மாவோ தாத்தாவோ கேட் வரை வந்து கூட்டிப்போவார்கள், மிஸ்ஸிடம் இரண்டு வார்த்தை பேசுவார்கள். மூன்றாம் வகுப்பு வந்ததும் பிள்ளை வேனில் ஏறிவிடும், அல்லது அக்காவோடு நடந்து போய்விடும். பல தனியார் பள்ளிகளில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் என்று ஆகிவிடுவதால், யாரைக் கேட்பது என்பதே பெற்றோருக்குக் குழப்பம். பாடமும் கனக்கத் தொடங்குகிறது. வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு அறிவியல் கேள்வியும் புரியாது, கணக்கில் வரும் வாக்கியக் கணக்கும் புரியாது. மார்க் குறைவது மூன்று பாடத்தில், காரணம் ஒன்றே.

ஆசிரியர் வாரம் ஒரு குறிப்பு வீட்டுக்கு அனுப்பினால் இதில் பெரும்பகுதி சரியாகும். அரைப் பக்கம், 100 முதல் 120 சொற்கள் போதும். அதற்கு மேல் நீண்டால் படிப்பவர் குறைந்துவிடுவார்கள். என்ன கற்றோம், பொதுவாக எங்கே தவறு வருகிறது, வீட்டில் கேட்க ஒரே ஒரு கேள்வி, அடுத்த வாரம் என்ன வேண்டும். இந்த நான்கும் இருந்தால் குறிப்பு நிறைந்துவிடும். மாதிரிக்கு ஒன்று:

"இந்த வாரம் மூன்று இலக்க எண்களைக் கழித்தோம். நடுவில் பூஜ்ஜியம் வரும் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டில் 403-லிருந்து 158-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். 355 என்று வந்தால் திட்ட வேண்டாம், அழிக்கவும் வேண்டாம், அந்தத் தாளை அப்படியே கொடுத்தனுப்புங்கள். அறிவியலில் விதை முளைப்பதைப் பார்க்கப் போகிறோம். திங்களன்று பத்துப் பச்சைப்பயறும் ஒரு பழைய துணித்துண்டும் போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்."

அந்த 355 ஏன் முக்கியம்? 3-லிருந்து 8 போகாது என்று பார்த்ததும் பிள்ளை தலைகீழாக 8-லிருந்து 3-ஐக் கழித்து 5 எழுதுகிறது. அடுத்து 0-வுக்கும் 5-க்கும் அதே வேலை, இன்னொரு 5. கடைசியில் 4-ல் 1 போக 3. சரியான விடை 245. இந்தப் பிள்ளைக்குக் கழிக்கத் தெரியாமல் இல்லை. ஒரு நூறைப் பத்து பத்துகளாக மாற்றி, அதில் ஒரு பத்தை மறுபடி ஒன்றுகளாக மாற்ற வேண்டிய இடம் மட்டும் பிடிபடவில்லை. இதையே "கணக்கில் வீக், வீட்டில் கவனிக்கவும்" என்று டைரியில் எழுதினால் என்ன நடக்கும்? டியூஷனில் சேர்ப்பார்கள், அல்லது தினம் இருபது கணக்கு போட வைப்பார்கள். இருபதிலும் அதே பிழை பதியும். மாறாக, "நான்கு நூறு ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாய் நாணயமும் கையில் கொடுத்து, அதிலிருந்து 158 ரூபாய் தரச் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். "சில்லறை மாத்தணும்" என்று பிள்ளையே சொல்லும். அதுதான் அந்தப் பாடம்.

ஐந்தாம் வகுப்பில் பின்னம் வரும்போதும் இப்படித்தான். 4 பெரியது, அதனால் 1/2-ஐவிட 1/4 பெரியது என்று பிள்ளை நினைக்கும். ஒரு தோசையைப் பாதியாகவும் இன்னொன்றைக் காலாகவும் பிய்த்துக் காட்டுங்கள் என்று ஒரு வரி போதும். பெற்றோர் தாங்கள் படித்த முறையில் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. அதைத் தடுக்கத் தேவையில்லை. வகுப்பில் செய்யும் முறையில் போட்ட ஒரு கணக்கைப் படமெடுத்துக் குறிப்போடு அனுப்பினால், பிள்ளை இரண்டு முறைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாது.

இந்த வயதுப் பிள்ளைகள் தாங்களே எழுதவும் முடியும். வெள்ளிக்கிழமை கடைசிப் பதினைந்து நிமிடம் அதற்கு. "இந்த வாரம் என்ன படித்தாய்" என்று கேட்டால் "நன்றாகப் படித்தேன்" என்றுதான் வரும். "முதலில் தப்பாகப் போட்டு, பிறகு சரிசெய்த ஒன்றை எழுது", "இன்னும் புரியாத ஒரு சொல்லை எழுது" என்று கேட்டால் சங்கதி வரும். பெற்றோர் கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்திடட்டும். எல்லா நோட்டையும் ஒரே வாரத்தில் பார்க்க முயன்றால் மூன்றாம் வாரமே இந்தப் பழக்கம் நின்றுபோகும். 35 பேர் இருந்தால் வாரம் ஒன்பது நோட்டு பாருங்கள், நான்கு வாரத்தில் ஒரு சுற்று முடியும்.

எந்த மொழியில், எந்த நேரத்தில்

ஆங்கில வழிப் பள்ளிகள் சுற்றறிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் அனுப்புவது சென்னையில் சாதாரணம். அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்த பெற்றோரில் எத்தனையோ பேருக்குத் தமிழில் படிப்பதுதான் வசதி. படிக்கவே சிரமப்படுபவர்களும் உண்டு. குறிப்பைத் தமிழிலும் அனுப்புங்கள், கூடவே ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு வாய்ஸ் மெசேஜ். கோயம்பேடு சந்தைக்கு நள்ளிரவில் வேலைக்குக் கிளம்பும் அப்பாவும், ஓ.எம்.ஆரில் இரவு ஷிப்ட் பார்க்கும் அம்மாவும் தங்களுக்கு ஒழிந்த நேரத்தில் கேட்டுக்கொள்வார்கள். வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசுபவர்களுக்கு அதே மொழி தெரிந்த இன்னொரு ஆசிரியரின் உதவியைக் கேளுங்கள். பிள்ளையைப் பற்றிய குறையைப் பிள்ளையை வைத்தே மொழிபெயர்க்கச் சொல்வது வேண்டாம். பிள்ளைக்கு அது அவமானம், செய்தியும் அப்படியே போய்ச் சேராது.

வாட்ஸ்அப் குரூப் வைத்தால் அட்மின் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முக்கியமான செய்தி நாற்பது "குட் மார்னிங்"குகளுக்கு அடியில் போய்விடும். குரூப்பில் இருப்பவர் எண் எல்லோருக்கும் தெரியும் என்பதால், சேர்க்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பாதிப் பெற்றோர் "எங்களுக்கு வரவே இல்லை" என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஹோம்வொர்க் முடிக்காதவர் பெயர்ப் பட்டியலையும் மார்க் பட்டியலையும் குரூப்பில் போடவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. முப்பது வீடுகளின் போனில் தன் பெயர் சிவப்பில் இருப்பதை அறிந்த பத்து வயதுப் பிள்ளை அடுத்த நாள் வகுப்பில் எப்படி உட்காரும்? படங்களிலும் கவனம் வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிவையுங்கள். முகம் தெரியாமல் கையும் நோட்டும் மட்டும் தெரியும் படம் எடுத்தாலே பெரும்பாலும் போதும்.

செயல்பாடுகளுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். "நாளைக்கு சார்ட்டும் தெர்மகோலும்" என்று பிள்ளை இரவு ஒன்பது மணிக்குச் சொன்னால், மூட இருக்கும் ஸ்டேஷனரி கடைக்கு அப்பா ஓட வேண்டும், மாடலை அம்மா செய்வார். பிள்ளை தூங்கிவிடும். எதைப் பிள்ளையே செய்ய வேண்டும், எதில் பெரியவர் கைகொடுக்கலாம் என்பதையும் எழுதுங்கள்: அட்டையை வெட்டித் தரலாம், எழுதித் தரக் கூடாது. எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடத்துக்குக் கூட்டிப்போவதானால் (வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை) கிளம்பும் நேரத்தோடு, அங்கே பார்க்கப் போவது எந்தப் பாடத்துக்கு என்பதையும் ஒரு வரி சேருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை விடுமுறை திடீரென்று வரும். விட்டுப்போன பாடத்தை வகுப்பிலேயே நடத்துவோமா, வீட்டில் ஏதாவது செய்ய வேண்டுமா என்று அன்றைக்கே சொல்லிவிட்டால் வீட்டில் பதற்றம் இருக்காது.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் தொடங்கியதிலிருந்து, கற்றல் நிலைகளைக் குறிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்கள் வீடுகளுக்கும் போகின்றன. "உங்க பையன் அரும்புல இருக்கான்" என்று மட்டும் சொன்னால் சிலர் பெருமைப்படுவார்கள், சிலர் பயப்படுவார்கள். இரண்டுமே பயன்படாது. எந்தச் சொற்களை வாசிக்கிறான், எதில் நிற்கிறான், அடுத்து எது என்று சொல்லுங்கள்.

பெற்றோர் கூட்டம்

ஒரு பெற்றோருக்கு ஏழு நிமிடம் என்றால் 36 பேருக்கு 252 நிமிடம், அதாவது நான்கு மணி நேரத்துக்கு மேல். ஒரே காலையில் அடைக்கப் பார்த்தால் கடைசியில் வருபவருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், அவர்தான் பெரும்பாலும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். வெள்ளி மாலையும் சனி காலையுமாகப் பிரித்து நேரம் கொடுங்கள். மேசையில் ராங்க் கார்டை வைப்பதற்கு முன் நோட்டில் இரண்டு பக்கங்களைத் திறந்து வையுங்கள், ஜூனில் எழுதியது ஒன்று, போன வாரம் எழுதியது ஒன்று. "வீட்டில் எப்படி இருக்கிறான், படிக்க உட்காரும்போது என்ன செய்கிறான்?" என்று முதலில் நீங்கள் கேளுங்கள். கண் கூசுவது, காது சரியாகக் கேட்காதது, அம்மா ஊரில் இல்லாதது போன்றவை அங்கேதான் வெளிவரும். நான்கு, ஐந்தாம் வகுப்பில் பிள்ளையையும் உட்காரவைத்து, அந்த இரண்டு பக்கங்களை அவனையே விளக்கச் சொல்லலாம். கழிவறை, குடிநீர், மதிய உணவு போன்ற பள்ளி முழுவதற்குமான விஷயங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். அரசு, உதவிபெறும் பள்ளிகளில் அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

வகுப்புப் பெயர்ப் பட்டியலை ஒரு தாளில் ஒட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் பேசிய தேதியைக் குறியுங்கள். நல்ல செய்திக்கு ஒரு குறி, குறைக்கு வேறு குறி. மாத முடிவில் பார்த்தால், குறை மட்டுமே போன வீடுகள் சில இருக்கும், ஒன்றுமே போகாத வீடுகள் அதைவிட அதிகம் இருக்கும். ஒன்றும் போகாதவை பெரும்பாலும் அமைதியான, நடுத்தர மார்க் வாங்கும் பிள்ளைகளின் வீடுகள். அடுத்த மாதத்தின் முதல் போன் அவர்களுக்கு. "இந்த வாரம் நீர்ச் சுழற்சியைப் பலகையில் வரைந்து பக்கத்துப் பெஞ்சுக்கு அவளே விளக்கினாள்" என்று நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். "நல்ல பொண்ணு, பிரச்சினை இல்லை" என்று மட்டும் சொன்னால், அன்று மாலை வீட்டில் அவளிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.