பிராக்கியோரேடியாலிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

கட்டை விரல் மேலே பார்க்க, முன்கையை மேசைக்கு அடியில் கொடுத்துத் தூக்குவதுபோல் நெம்பிப் பாருங்கள். முழங்கை மடிப்பை ஒட்டி, கட்டை விரல் பக்கமாக ஒரு தசை திரண்டு எழும். அதுதான் பிராக்கியோரேடியாலிஸ்.

பெயர் இரண்டு லத்தீன் சொற்களின் ஒட்டு. 'பிராக்கியம்' கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போனது. பொதுவாகக் கை என்று பொருள். உடற்கூறியலில் தோளிலிருந்து முழங்கை வரையுள்ள மேற்கை மட்டும். 'ரேடியஸ்' என்றால் கோல், சக்கரத்தின் ஆரக்கால். வட்டக் கணக்கில் வரும் ரேடியஸும் இதேதான். வேடிக்கை என்னவென்றால், தமிழிலும் இந்த உறவு அப்படியே இருக்கிறது: சக்கரத்துக்கு ஆரக்கால், வட்டத்துக்கு ஆரம், கட்டை விரல் பக்க எலும்புக்கு ஆரை.

தசை தொடங்குவது மேற்கை எலும்பின் கீழ்ப்பகுதியில், வெளி ஓரத்தில். முடிவது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஆரை எலும்பில். ஆக, பெயரே விலாசம். 'புய ஆரைத் தசை' என்று சொல்லலாம்தான். ஆனால் சேர்த்து எழுதினால் 'புயவாரை' ஆகி, ஏதோ புயல், வாரை என்று காதில் விழுகிறது. புயம் வடசொல் வழி வந்தது வேறு. என் ஓட்டு 'மேற்கை ஆரைத் தசை'க்கு.

சரி, வேலை? முழங்கையை மடக்குவது. உள்ளங்கை மேலே பார்த்தால் அந்த வேலையில் மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் கை ஓங்கும். சுத்தியலைப் பிடித்ததுபோல் கட்டை விரல் மேலே நின்றால் இந்தத் தசைக்கு வாகு. மணிக்கட்டைத் தாண்டாததால் விரல்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்னொரு விசித்திரம்: மடக்கும் தசையாக இருந்தும், நீட்டும் தசைகளுக்குரிய ஆரை நரம்புதான் இதையும் இயக்குகிறது.

முன்பு இதற்கு 'சுப்பினேட்டர் லாங்கஸ்' என்று பெயர். நீள் மல்லாத்துத் தசை எனலாம். அது பாதி உண்மைதான். கவிழ்ந்த கையை நடுநிலைக்குக் கொண்டுவரும், அவ்வளவே, முழுக்க மல்லாத்தாது. பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனால் மணிக்கட்டுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டி இந்தத் தசையின் அனிச்சைத் துடிப்பைப் பார்க்கும் சோதனைக்கு, மருத்துவ மாணவர்கள் வாயில் இன்றும் 'சுப்பினேட்டர் ஜெர்க்' என்றுதான் வருகிறது.