முள் நகராத வாரங்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

எடையைக் குறைக்க ஆரம்பித்தவர்களில் பலருக்கு மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒரு சோர்வு வரும். முதல் வாரத்தில் ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ என்று மளமளவென்று இறங்கியிருக்கும். அப்புறம் எண் அப்படியே நின்றுவிடும். அளந்து சாப்பிடுகிறோம், தினமும் நடக்கிறோம், முள் மட்டும் அசைய மாட்டேன் என்கிறதே என்று மனசு விட்டுப் போகும். முயற்சியைப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். இதே வாரங்களில்தான் இதயம், கல்லீரல், தசை என்று உள்ளே ஒவ்வொன்றும் மாறத் தொடங்குகிறது என்பதை நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

எடை மெஷின் தன் மேல் நிற்கும் மொத்தத்தையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்கிறது. எலும்பு, தசை, கொழுப்பு, ரத்தம், குடலில் இருக்கும் நேற்றைய உணவு, சிறுநீர்ப்பையில் தேங்கியிருக்கும் நீர் எல்லாம் அதில் அடக்கம். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் மொத்தத் தொகையை மட்டும் போட்ட பில் மாதிரி. பெரியவர்களின் எடையில் ஏறக்குறைய பாதிக்கு மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் ஒரே நாளில் ஒரு கிலோ, சில சமயம் இரண்டு கிலோகூட ஏறி இறங்கும். முந்தின நாள் சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்தால் ஏறும். மாதவிடாய் நெருங்கும் நாட்களில் ஏறும். புதிதாக உடற்பயிற்சி தொடங்கினால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அதைச் சரிசெய்யும் வேலைக்காக அங்கே நீர் சேரும், அப்போதும் ஏறும்.

முதல் வார இறக்கத்துக்கும் தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம். உடல் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் இந்தக் கையிருப்புதான் முதலில் கரைகிறது, அதோடு நீரும் போகிறது. கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி இருக்கிறது. ஒரு நாளைக்கு 500 கிலோகலோரி குறைத்தால் வாரத்துக்கு 3,500. அதாவது அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவான கொழுப்பு. இரண்டு கிலோ வரை ஆடுகிற ஓர் எண்ணுக்குள்ளே அரைக் கிலோவைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கரைந்த கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால், வியர்வையாக வெளியேறுகிறது என்றுதான் நிறைய பேர் சொல்வார்கள். 2014-இல் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை அணு அணுவாகக் கணக்குப் போட்டார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்ஸைடாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது. உடம்பிலிருந்து போகும் கொழுப்பில் பெரும்பங்கு நுரையீரல் வழியாகத்தான் போகிறது. வியர்வை சொட்டச் சொட்ட உழைத்துவிட்டு மெஷினில் ஏறிப் பார்ப்பது வீண் வேலை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

சரி, எண்ணை நம்ப முடியாத வாரங்களில் வேறு எதைப் பார்ப்பது? குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். வயிற்றில் கொழுப்பு அதிகம் இருப்பவர் குனிந்தால், தொடைக்கும் விலாவுக்கும் நடுவே வயிறு நசுங்கும். உள்ளே குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்புக்கு நகர இடமில்லாமல் அது உதரவிதானத்தை, அதாவது நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையை, மேலே தள்ளும். மூச்சை இழுக்க அந்தத் தசை கீழே இறங்க வேண்டும், இறங்க வழியில்லை. அதனால்தான் ஒரு முடிச்சு போடுவதற்குள் முகம் சிவந்து மூச்சு முட்டுகிறது. ஒரு காலுக்குக் கட்டிவிட்டு, நிமிர்ந்து மூச்சு வாங்கிவிட்டு, அப்புறம் அடுத்த காலுக்குக் குனிந்த ஒருவர், இரண்டையும் ஒரே மூச்சில் கட்டி எழுந்துவிட்டால், உதரவிதானத்துக்குக் கீழே இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த உள்வயிற்றுக் கொழுப்பு, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட ஆபத்தானது. இதிலிருந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்களில் கணிசமான பங்கு நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. இதில் சுரக்கும் அழற்சிப் பொருட்கள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. நல்ல செய்தி என்னவென்றால், உடற்பயிற்சிக்கு இது சீக்கிரம் மசியும். எடை துளிகூடக் குறையாமல், பயிற்சியால் மட்டுமே உள்வயிற்றுக் கொழுப்பு குறைந்ததை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு.

அதனால் இஞ்ச் டேப்பை நான் எடை மெஷினுக்கு மேலாக மதிக்கிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். உயரத்தில் பாதிக்கும் குறைவாக இடுப்புச் சுற்றளவு இருப்பது நல்லது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 முதல் பரிந்துரைக்கிறது. இறுக்கமான ஜீன்ஸின் பட்டன் சிரமமில்லாமல் ஏறுவதும், பெல்ட்டில் ஓர் ஓட்டை உள்ளே போவதும் இதே அளவீடுதான். எண் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கிலோ கொழுப்பையும் ஒரு கிலோ தசையையும் பக்கத்தில் வைத்து, கொழுப்பு மூன்று மடங்கு பெரிதாக இருப்பது போலக் காட்டும் படங்கள் நிறைய உலவுகின்றன. அது மிகை. கொழுப்பின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.9 கிராம், தசையின் அடர்த்தி 1.06 கிராம். ஒரே எடைக்கு வித்தியாசம் பதினெட்டு சதவீதம் போலத்தான். உடை தளர்வதற்குப் பெரிய காரணம் கொழுப்பு எந்த இடத்திலிருந்து குறைந்தது என்பதே.

கல்லீரல் இன்னும் வேகம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 11 பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கிலோகலோரி உணவு மட்டும் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கியது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இயல்பு நிலைக்கு வந்தது. இது மருத்துவக் கண்காணிப்பில் நடந்த கடுமையான பத்தியம், வீட்டில் செய்து பார்க்கும் காரியமில்லை. ஆனால் உள்ளுறுப்புகள் எவ்வளவு சீக்கிரம் மாறக்கூடியவை என்பதற்கு இது சாட்சி. தசைகள் அதைவிடவும் அவசரக்காரர்கள். ஒரு நல்ல நடை முடிந்ததும், இன்சுலினின் உதவி இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுக்கும் கடத்திகள் தசை அணுக்களின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் வரை இன்சுலினுக்கு அந்தத் தசை கூடுதலாகக் கட்டுப்படும். ஒரே ஒரு நாள் நடந்தால்கூட இது நடக்கிறது.

இப்போது மாடிப்படிக்கு வருவோம். எடை குறைக்க முயல்கிறவர்கள் சொல்லும் சந்தோஷங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, "மூன்றாவது மாடி ஏறினேன், மூச்சு வாங்கவில்லை" என்பதுதான். அதற்குள்ளே ஒரு முழு உடலியல் பாடமே இருக்கிறது.

முதல் படியில் கால் வைத்ததும் தொடைத் தசை தன்னிடம் தயாராக இருக்கும் ஆற்றலைச் செலவழிக்கிறது. அது சில விநாடிகளுக்குத்தான் வரும். அடுத்து ஆக்ஸிஜன் இல்லாமல் சர்க்கரையை அவசரமாக உடைக்கும் வழி திறக்கிறது. தசைக்குத் தேவையான ஆக்ஸிஜன் போதிய வேகத்தில் வந்து சேராவிட்டாலோ, வந்ததைப் பயன்படுத்தி அணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் போதவில்லை என்றாலோ, இந்த அவசர வழியையே அதிகம் நம்ப வேண்டியிருக்கும். அமிலத்தன்மை கூடும், ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு பெருகும். மூளைத்தண்டில் இருக்கும் உணரிகள் அதைக் கண்டுபிடித்து, மூச்சை வேகப்படுத்து என்று உத்தரவு போடும். மேலே போய் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாங்கும் மூச்சு, அந்த உத்தரவின் விளைவு.

தொடர்ந்து நடக்கத் தொடங்கியதும் முதலில் மாறுவது ரத்தம். ஓரிரு வாரங்களுக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. (கவனியுங்கள், இதுவும் மெஷினில் எடையாகத்தான் தெரியும்.) கூடுதல் ரத்தம் திரும்பி வருவதால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் வெளியேற்ற முடிகிறது, அதே வேலைக்குக் குறைவான துடிப்பு போதும். அடுத்து, தசைக்குள்ளே மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. 1967-இல் ஜான் ஹொல்லோசி என்ற ஆய்வாளர் எலிகளை டிரெட்மில்லில் ஓடப் பழக்கி, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரட்டிப்பானதைக் காட்டினார். பயிற்சி தசையை உள்ளிருந்தே மாற்றுகிறது என்பதற்கு அன்றுவரை இவ்வளவு தெளிவான ஆதாரம் இருந்ததில்லை. அதற்குப் பிறகு நுண்ணிய ரத்தக் குழாய்களும் தசை நார்களைச் சுற்றி அடர்த்தியாகின்றன. இவ்வளவும் சேர்ந்துதான் அந்த மூன்றாவது மாடியை எளிதாக்குகின்றன. தூக்கிச் சுமக்கும் எடை அதேதான் என்றாலும் ஏறுவது சுலபமாகிறது.

இதைக் கவனிக்க விருப்பமென்றால் ஒரே மாடிப்படியை, ஒரே வேகத்தில், மாதம் ஒருமுறை ஏறிப் பாருங்கள். மேலே போனதும் ஒரு முழு வாக்கியம் இடையில் நிற்காமல் பேச முடிகிறதா? ஒரு நிமிடம் கழித்து நாடித்துடிப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது? இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு எவ்வளவு சீக்கிரம் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது என்பதை அந்த இறக்கம் சொல்லும்.

கனமான பையைத் தூக்குவது, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுவது போன்றவை ஆரம்ப வாரங்களிலேயே எளிதாகிவிடும். அதற்குள் தசை பருத்துவிடுவதில்லை. இருக்கும் தசை நார்களில் அதிகமானவற்றை ஒரே சமயத்தில் வேலைக்கு அழைக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. 1979-இல் மொரிடானி, டெவ்ரீஸ் செய்த ஆய்விலிருந்து இது தெரிந்த விஷயம். தசை வளர்வது அதற்கு அப்புறம்தான்.

முழங்கால் வலியில் எண் கொஞ்சம் அசைந்தாலே போதும். முழங்கால் தேய்மானமும் அதிக எடையும் உள்ள முதியவர்களை 2005-இல் ஆராய்ந்தபோது, குறைந்த ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டின் மீதான சுமை 4 கிலோ குறைந்திருந்தது. இரண்டு கிலோ குறைந்தவருக்கு ஓர் அடிக்கு எட்டு கிலோ. அந்தக் காலை ஆயிரம் முறை ஊன்றினால் எட்டு டன். இரண்டு கிலோதானே என்று சலித்துக்கொள்கிறவர்கள் முழங்காலிடம் கேட்டுப் பார்க்கலாம்.

குறட்டை குறைந்துவிட்டது என்று பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவர்தான் முதலில் சொல்வார். நாக்கிலும் கொழுப்பு சேரும் என்பது பலருக்குத் தெரியாது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு உள்ள 67 பேரைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்ஆர்ஐயில் பார்த்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எடை சராசரியாக 10 சதவீதம் குறைந்தபோது கோளாறின் தீவிரம் 31 சதவீதம் குறைந்தது. நாக்கின் கொழுப்பு கரைந்ததே அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது.

தூக்கம் வேறொரு வழியிலும் கைகொடுக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 10 பேரை வைத்து நடந்து 2010-இல் வெளியான ஆய்வு சின்னதுதான், ஆனால் எனக்கு மறக்காது. அதே அளவு உணவைக் குறைத்துக் கொடுத்து, 14 நாட்கள் இரவில் எட்டரை மணி நேரம் படுக்க விட்டார்கள். வேறொரு 14 நாட்கள் ஐந்தரை மணி நேரம் மட்டும். இரண்டிலும் மெஷின் காட்டிய இறக்கம் ஏறக்குறைய ஒன்றுதான், மூன்று கிலோ அளவு. ஆனால் தூக்கம் குறைந்தபோது, போன கொழுப்பு பாதிக்கும் குறைவாகியிருந்தது. அதற்குப் பதிலாகத் தசை போன்ற கொழுப்பில்லாத பகுதி அதிகம் கரைந்திருந்தது. மெஷினை மட்டும் பார்த்திருந்தால் இந்த வித்தியாசமே தெரிந்திருக்காது. காலையில் அலாரத்துக்கு முன்பே தெளிவாக விழிப்பு வருகிறதென்றால் அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்து 2002-இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், ஒரு பிரிவினருக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான் இலக்கு. அந்தப் பிரிவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்ட பிரிவினரிடம் 31 சதவீதம்தான். ஏழு சதவீதம் என்பது 80 கிலோ உள்ளவருக்கு ஐந்தரை கிலோ போல. பெரும்பாலானவர்கள் மனதில் வைத்திருக்கும் 'கனவு எடை'யைவிட இது மிகச் சிறியது.

ரத்த அழுத்தமும் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி வீதம் இறங்கும். பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். உடம்பு தேறத் தேற, பழைய டோஸ் அதிகமாகிவிடலாம். உட்கார்ந்து எழும்போது தலை கிறுகிறுப்பதும், சாப்பாட்டுக்கு முன் கை நடுங்கி வியர்ப்பதும் அதன் அறிகுறியாக இருக்கக்கூடும். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாமல், வீட்டில் எடுத்த அளவுகளைத் தேதி போட்டு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இனிமேல் பாதி மாத்திரை போதும்" என்று சீட்டில் மாற்றி எழுதினால், அன்றைக்கு மெஷினில் என்ன எண் வந்தாலும் பரவாயில்லை.