செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பப் பெற முடியுமா?

வீட்டை மகன் பேருக்கோ மகள் பேருக்கோ எழுதிவைக்கும் தான செட்டில்மெண்ட் பத்திரங்களில், ‘இதை எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்யவோ மாற்றவோ எனக்கு அதிகாரம் கிடையாது’ என்கிற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். பத்திரம் எழுதுபவர் வழக்கமாகச் சேர்ப்பதுதான். அந்த வரி இல்லாவிட்டாலும் நிலைமை ஏறக்குறைய அதேதான். இரண்டு சாட்சிகளோடு பத்திரம் பதிவாகி, பெறுபவர் அதை ஏற்றுக்கொண்டும் விட்டால், வீடு அவருடையது. உயிலைப் போல நினைத்தபோது மாற்றி எழுத முடியாது.

‘நான் கொடுத்ததை நானே ரத்து செய்கிறேன்’ என்று சார்பதிவாளரிடம் போனாலும் பலனில்லை. ரத்து செய்ய இடம்தரும் நிபந்தனை செட்டில்மெண்டிலேயே இருந்தால் ஒழிய, கொடுத்தவர் மட்டும் கையெழுத்திட்டுக் கொண்டுவரும் ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பிள்ளையே சம்மதித்தால் வேலை சுலபம். அவர் அதே வீட்டை அப்பா அம்மா பேருக்குத் திரும்ப செட்டில்மெண்ட் எழுதிவிடலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய் (2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்பு). ஆனால் மைனர் பேரன் பேத்தி பேரில் எழுதியிருந்தால் இந்த வழி அநேகமாக அடைபட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மைனர் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பெற்றோர்கூட எழுதித்தர முடியாது.

மிரட்டியோ ஏமாற்றியோ கையெழுத்து வாங்கியிருந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். உண்மை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். அதை நிரூபிப்பதோ கொடுத்தவர் பொறுப்பு, வருடக்கணக்கில் இழுக்கும்.

வயதானவர்களுக்கு உண்மையில் கைகொடுப்பது இன்னொரு சட்டம்: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. அதன் 23-வது பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 60 வயதைத் தாண்டியவர், தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரம் ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கியதாகவே கருதப்படும். கொடுத்தவர் கேட்டால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சட்டம் வருவதற்கு முன்பு எழுதிய பத்திரங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

சிக்கலே அந்த ‘நிபந்தனை’யில்தான். நம் பத்திரங்களில் ‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று இருக்குமே தவிர, சோறு போட வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும் என்று யார் எழுதுகிறார்கள்? நிபந்தனை இருந்ததைக் காட்டியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் கொஞ்சம் இளகியது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தோடு, ‘கடைசிவரை பார்த்துக்கொள்வேன்’ என்று மகன் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அதையும் சேர்த்துப் பார்த்து நீதிமன்றம் பத்திரத்தை ரத்து செய்து, வீட்டையும் தாயிடம் ஒப்படைக்கச் சொன்னது. அப்புறம் 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: அன்பின்பேரில் கொடுத்தார் என்றாலே பார்த்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் அடக்கம், வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டியதில்லை. அங்கே மகன் இறந்துவிட்டார்; கவனிக்காமல் விட்டது மருமகள்.

ஆனாலும் தீர்ப்புகளை நம்பி எழுதாமல் விடாதீர்கள். புதிதாகப் பத்திரம் போடுபவர்கள், ‘உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் தந்து என்னைப் பராமரிக்க வேண்டும், தவறினால் இந்த செட்டில்மெண்டை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு’ என்று கேட்டுச் சேர்க்கலாம். ஆயுள் உள்ளவரை அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மனு கொடுக்க வேண்டியது ஆர்டிஓ எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியரிடம். தமிழ்நாட்டில் அவர்தான் தீர்ப்பாயம். மேல்முறையீடு கலெக்டரிடம், 60 நாளுக்குள். வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். பத்திர நகல், வயதுச் சான்று, வில்லங்கச் சான்று, நீங்களே கட்டிய மருத்துவமனை ரசீதுகள் ஆகியவற்றை இணையுங்கள். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கவும் இதே சட்டத்தில் இடமுண்டு. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் தாமதிக்காதீர்கள். அது மூன்றாம் நபர் கைக்கோ வங்கி அடமானத்துக்கோ போய்விட்டால் சிக்கல் பல மடங்காகும். ரத்து உத்தரவு கிடைத்தாலும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து வில்லங்கத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு புது வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு, பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாவற்றிலும் பெயரை மாற்றுங்கள்.