வாரத்தில் ஒரு மணி நேரம், உங்கள் பிள்ளைக்கு உரியது

பேரையூர்ப் பக்கம் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள். மாப்பிள்ளை முறைமாமன். உசிலம்பட்டிப் பக்கம் விடியக்காலையில் பூப் பறித்துவிட்டு பள்ளிக்கு வருகிற பையனிடம் கூட்டாளி புகையிலைப் பொட்டலத்தை நீட்டி, "சும்மா போட்டுப் பாருடா" என்கிறான். அந்த நேரத்தில் இருவரும் யாரிடம் போவது, எந்த வார்த்தையைச் சொல்வது? அதைப் பழக்கத்தான் வாழ்க்கைத் திறன் கல்வி.

இதற்காக 2020 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி நலவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கின. அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் உரியது. முதல் கட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பின்தங்கிய மாவட்டங்களில் நம் பக்கத்து விருதுநகரும் ராமநாதபுரமும் உண்டு.

ஏற்பாடு எளிமையானது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடுமானவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இதற்கென்று பயிற்சி பெறுவார்கள். வாரம் ஒரு மணி நேரம் என்று ஆண்டில் 24 வாரம் வகுப்பு நடக்க வேண்டும். வகுப்புக்கு இரண்டு மாணவர்கள் அவர்களுக்குத் துணையாக இருப்பார்கள். உடல் வளர்ச்சி, மனநலம், உறவுகள், ஆண் பெண் சமத்துவம், போதைப் பழக்கம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையம் என்று மொத்தம் 11 தலைப்புகள்.

ஆனால் தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, அதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டால் ஒன்றும் நடக்காது. இது நடித்துப் பார்க்க வேண்டிய பாடம். ஒரு பையன் பொட்டலம் நீட்டுகிற அண்ணனாக நிற்க, இன்னொருவன் "வேணாம்ணே, எனக்குப் பழக்கமில்ல" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் தடவை சிரிப்பான், நெளிவான். மூன்றாவது தடவை குரல் நிற்கும். கல்யாணப் பேச்சும் அப்படித்தான். "அப்பா, நான் பன்னிரண்டாவது முடிக்கணும்" என்பதை வீட்டில் சொல்வதற்கு முன் வகுப்பில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கூடவே சட்டமும் தெரிய வேண்டும். 18 வயதுக்குள் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம் என்பதும், பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பதும் பிள்ளைக்குத் தெரிந்தால், அதன் பேச்சுக்குப் பின்னால் ஒரு பலம் நிற்கும்.

பாலியல் தொந்தரவு பற்றி ஒரு பிள்ளை ஆசிரியரிடம் சொன்னால், அவர் அதைக் கட்டாயம் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கிற போக்சோ சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 'பள்ளிக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது இந்த வகுப்புதான். நான் போன ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். அந்தப் பாடவேளையில் கணக்கு நடக்கிறது என்றார்கள். ஆசிரியர் மேல் மட்டும் பழி போட மனசு வரவில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் அவரைத்தான் கேட்பார்கள். ஆனால் தேர்வு பயத்தில் தூங்காமல் தவிக்கிற பிள்ளைக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்கச் சொல்லித்தருவதும் இதே வகுப்புதானே?

அதனால் பெற்றோர் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகள் போதும்: பயிற்சி பெற்ற அந்த இரண்டு ஆசிரியர்கள் யார்? வகுப்பு எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை? இந்த ஆண்டு இதுவரை எத்தனை வகுப்பு நடந்தது? பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் மூன்று எண்களை உங்கள் பிள்ளையின் நோட்டு அட்டைக்குள் எழுதிவையுங்கள். ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு 1098. படிப்பு, பள்ளி தொடர்பான உதவிக்கு 14417. மனம் சரியில்லாதபோது பேச 14416. இந்த எண்ணை இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.