ஸ்கோப்: ஒரு தலைப்பு எதுவரை ஆளும்?

நாளிதழ்களில் அன்றாடம் வரும் அணை நிலவரத்தை இணையப் பக்கத்தில் அட்டவணையாகப் போடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் நிரலில் (மேலிருந்து கீழாக வரும் வரிசை) அணையின் பெயர். அடுத்தடுத்து முழு நீர்மட்டம், இன்றைய நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்பு. மேட்டூருக்கு நேரே 120 என்று இருந்தால், பார்வையுள்ளவருக்குக் குழப்பமில்லை. கண் மேலே போய்த் தலைப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானின் குரலை நம்பியிருப்பவருக்கோ 'இரண்டாம் நிரல், 120' என்று மட்டும் காதில் விழுகிறது. அடியா, கன அடியா? ஒரு தலைப்பு எந்தெந்தக் கட்டங்களுக்குப் பொறுப்பு என்பதை உலாவிக்குச் சொல்ல, பக்கத்தை எழுதும்போது தலைப்போடு சேர்க்கும் குறிப்புதான், அதாவது பண்புக்கூறுதான், ஸ்கோப்.

சொல்லின் வேர் கிரேக்கம். ஸ்கோபோஸ் என்றால் காவலாக நின்று பார்ப்பவன். குறிபார்த்து எய்யும் இலக்குக்கும் அதே பெயர். டெலஸ்கோப்பின் பின்பாதியும் இந்தப் 'பார்த்தல்' வேரிலிருந்து வந்ததுதான். இத்தாலிய மொழியில் ஸ்கோப்போ என்பது இன்றைக்கும் குறிக்கோள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த பிறகு இலக்கு என்ற பொருள் தேய்ந்து, எட்டும் பரப்பு என்ற பொருள் நிலைத்தது. நோக்கு என்பதிலிருந்து நோக்கம் பிறந்த தமிழ் வழியும் இதே வழிதான். அந்த ஒற்றுமையைப் பார்த்து ஸ்கோப்புக்குத் தமிழாக 'நோக்கம்' என்று எழுதிவிடக் கூடாது. அட்டவணைத் தலைப்புக்கு நோக்கம் எதுவும் கிடையாது. அதிகாரம் மட்டும் உண்டு.

வீச்சு என்றும் எழுதலாம். ஆனால் வீசியது எங்கே விழும் என்ற உறுதியின்மை அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரம்பு என்றால் வயது வரம்பு போல, மீறக் கூடாத ஒன்று என்ற தொனி வந்துவிடும். என் தேர்வு எல்லை. இன்னும் திருத்தமாக வேண்டுமானால் தலைப்பெல்லை. 'இன்ன காவல் நிலைய எல்லைக்கு உட்பட்ட பகுதியில்' என்று செய்தியில் படிக்கிறோமே, அந்த எல்லைதான் இது: இந்த இடத்துக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கான விடை. (குறுந்தொகையின் 387ஆம் பாட்டில் 'எல்லை கழிய' என்று வரும்போது அது பகற்பொழுது. பழைய சொல், பல வேலை பார்த்த சொல்.)

இந்தப் பண்புக்கூறு வந்தது 1997 டிசம்பரில், இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல் 4.0 உடன். அப்போது பக்கத்தின் இடவலம் அமைக்கவே அட்டவணையைப் பயன்படுத்துவது பரவலாக இருந்தது. எது தகவல் அட்டவணை, எது வெறும் சட்டகம் என்று மென்பொருள் ஊகிக்க வேண்டியிருந்தது. 1999 மே மாதம் வெளியான முதல் அணுகல்தன்மை வழிகாட்டி (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை எழுதச் சொல்வது), நிரை (இடமிருந்து வலமாகச் செல்லும் வரிசை), நிரல் தலைப்புகளை அடையாளம் காட்டச் சொன்னது. அதே வழிகாட்டியில் சில விதிகள் 'உலாவிகள் திருந்தும்வரை' என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டிருந்தன. எப்போது திருந்தும் என்று பக்கம் எழுதுபவருக்கு எப்படித் தெரியும்? 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு அந்தப் பேச்சையே எடுத்துவிட்டது.

ஸ்கோப்போடு கூட இருந்தவை எல்லாம் தங்கவில்லை. அட்டவணையின் சுருக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் சொல்ல வைத்திருந்த சம்மரி, நீண்ட வாதத்துக்குப் பின் எச்.டி.எம்.எல் 5இல் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆக்சிஸ் என்ற இன்னொரு பண்புக்கூறும் போனது. ஸ்கோப் தங்கியது, ஆனால் இனி டி.எச் எனும் தலைப்புக் கட்டத்தில் மட்டும், சாதாரணக் கட்டமான டி.டி-யில் அல்ல. எனக்கு இதில் வருத்தமில்லை. தலைப்பல்லாத கட்டத்துக்கு எல்லை எதற்கு?

மதிப்புகள் நான்கு: நிரல், நிரை, நிரல் தொகுதி, நிரைத் தொகுதி. நமது அணை அட்டவணையில் 'முழு நீர்மட்டம் (அடி)' டி.எச் ஆகி நிரலைக் குறிக்கும் 'கால்' (col) என்ற மதிப்பைப் பெறும், 'மேட்டூர்' டி.எச் ஆகி நிரையைக் குறிக்கும் 'ரோ' (row) பெறும். என்.வி.டி.ஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு வலது அம்பை அழுத்தி 120க்கு வந்தால், நிரலின் தலைப்பும் சேர்ந்து ஒலிக்கும். கீழ் அம்பை அழுத்தினால் 'பவானிசாகர்' என்று அணையின் பெயரைச் சொல்லிவிட்டு 105 என்னும். இன்னும் கீழே வைகை, 71. ஒரே வரிசைத் தலைப்பு மட்டும் உள்ள எளிய அட்டவணைக்கு டி.எச் போட்டாலே பெரும்பாலும் போதும். மேலேயும் பக்கத்திலும் தலைப்பு இருக்கும்போது ஸ்கோப்பை விடக் கூடாது.

இணைத்த கட்டங்கள், இரண்டடுக்குத் தலைப்புகள் வந்தால் நிலைமை வேறு. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் தலைப்புகளைப் பெயர் சொல்லிக் கட்டும் ஹெடர்ஸ் பண்புக்கூறு உண்டு. ஆனால் பின்னாளில் யாரோ ஒரு நிரலைச் சேர்த்தால் அந்தக் கட்டுகள் அவிழ்ந்துபோகும். அதைவிட அட்டவணையை இரண்டாகப் பிரித்துவிடுவது மேல். கைப்பேசித் திரைக்காக, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ் கொண்டு அட்டவணையை அடுக்குப் பெட்டிகளாக மாற்றுபவர்களும் கவனிக்க வேண்டும்: சில உலாவிகளில் அந்த மாற்றம் அட்டவணை என்ற அடையாளத்தையே அழித்திருக்கிறது. ஸ்கோப் எழுத்தில் இருக்கும், குரலில் வராது.