ஆள் கால், ஆடை முக்கால்

"அக்கா, மூணுலயும் ஒரே இரும்புதானே?" என்று நுண்நோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான் அந்தத் தம்பி. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வேலைப் பயிற்சிக்கு வந்தவன். மூன்று கண்ணாடித் தகடுகள். மூன்றிலும் ஒரே வகை உயிரணுக்கள், ஒரே அளவு இரும்பு, ஒரே 24 மணி நேரம். முதல் தகட்டில் ஒவ்வொரு உயிரணுவிலும் அடர்நீலப் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. இரண்டாவதில் ஆங்காங்கே கொஞ்சம். மூன்றாவதில் இளஞ்சிவப்பு உட்கருக்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. நீலத்தை வலைபோட்டுத் தேட வேண்டியிருந்தது.

அந்த நீலம் பழைய சங்கதி. பொட்டாசியம் ஃபெரோசயனைடையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கலந்து ஊற்றினால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் பிரஷ்ய நீலமாக மாறும். மாக்ஸ் பெர்ல்ஸ் என்ற ஜெர்மானியர் 1867இல் சொன்ன முறை. இத்தனை விலையுயர்ந்த கருவிகள் வந்த பிறகும் நாங்கள் முதலில் எடுப்பது அந்தப் புட்டியைத்தான்.

ஆமாம், மூன்றிலும் உயிரணுக்களுக்குக் கொடுத்தது ஒரே இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள். மாறியது மேலே பூசிய பூச்சு மட்டும். முதலாவதற்கு பாலிஎத்திலீன் இமின், இரண்டாவதற்கு சிட்ரேட், மூன்றாவதற்கு ஆய்வுக்கூடத்தில் நாங்கள் 'பெக்' என்று செல்லமாகக் கூப்பிடும் பாலிஎத்திலீன் கிளைக்கால். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இந்தத் துகள்களைப் பொறுத்தவரை ஆள் கால், ஆடை முக்கால்.

முதலில் ஆளைப் பார்ப்போம். இரண்டு வகை இரும்பு உப்புகளைச் சரியான விகிதத்தில் கரைத்து, அமோனியாவை விட்டால் கறுப்பாக ஒன்று திரண்டு வரும். அதுதான் மேக்னடைட். ஒரு துகளின் குறுக்களவு ஏறத்தாழ 10 நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்று வைத்தால், முடியின் குறுக்கே 8,000 துகள்களை வரிசையாக அடுக்கலாம். (சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் 'நானோஸ்' என்றே ஒரு கட்டடம் உண்டு. அந்தப் பக்கம் கோப்பி குடிக்கப் போகும்போதெல்லாம் இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இந்தப் பெயரா என்று சிரிப்பு வரும்.) இந்த அளவில் இரும்பு ஆக்சைடுக்கு ஒரு நல்ல குணம் வந்துவிடுகிறது: காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஓடி வரும், எடுத்துவிட்டால் காந்தத் தன்மையை மறந்துவிடும். அதனால்தான் உடம்புக்குள் விட நினைக்க முடிகிறது.

ஆனால் வெறும் துகளை அப்படியே விட முடியாது. நம் ரத்தத்தின் கார அமிலநிலை 7.4. அதை ஒட்டிய நிலையில் இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பில் மின்சுமை கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. ஒன்றையொன்று தள்ளி வைக்க எதுவும் இல்லாததால் துகள்கள் கட்டி கட்டியாகச் சேர்ந்து அடியில் தங்கிவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைத்த மாதிரி, பூச்சில்லாமல் வேலை நடக்காது. முதலில் பூச்சு வந்தது துகள்களைப் பிரித்து வைப்பதற்காகத்தான். அது உயிரணுவின் வாசலிலும் போய்ப் பேசும் என்பது பிறகு புரிந்த விஷயம்.

உயிரணுவின் வெளிப்புறம் வழவழப்பான பலூன் கிடையாது. சவ்வுக்கு மேல் சர்க்கரைச் சங்கிலிகள் புல்லுபோல் நிற்கின்றன. அவற்றில் சயாலிக் அமிலம், ஹெப்பரான் சல்ஃபேட் மாதிரியானவை இருப்பதால் மொத்தத்தில் எதிர்மின்சுமை. பாலிஎத்திலீன் இமின் நேர்மின்சுமை கொண்டது. எனவே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் சவ்வு உள்பக்கமாகக் குழிந்து, பை மாதிரி மூடி, துகள்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிளாத்ரின் என்ற புரதம் கட்டும் இந்தப் பைகள் 100 நானோமீட்டரைச் சுற்றி இருக்கும். ஒரே பைக்குள் பல துகள்கள் போகலாம். முதல் தகட்டின் நீலத்துக்கு இதுதான் காரணம்.

விலையும் உண்டு. அளவு கொஞ்சம் கூடினாலும் இந்தப் பூச்சு சவ்வையே குலைத்து உயிரணுவைக் கொன்றுவிடும். முதல் தகட்டில் நீலம் அதிகம், ஆனால் உயிரணுக்களின் எண்ணிக்கை மற்ற இரண்டையும்விடக் குறைவு. தம்பி அதை முதலில் கவனிக்கவில்லை. நீலம் கண்ணைப் பறித்தால் அப்படித்தான்.

சிட்ரேட் எதிர்மின்சுமை கொண்டது. சவ்வும் எதிர்மின்சுமை. பள்ளிக்கூடக் கணக்குப்படி இரண்டும் விலக வேண்டும். ஆனால் உள்ளே போகிறது, சில சமயம் நன்றாகவே போகிறது. சவ்வில் நேர்மின்சுமை உள்ள சிறு திட்டுகளும் உண்டு. துகள்கள் அங்கே பிடித்துக்கொள்கின்றன. பாரிஸில் கிளேர் வில்ஹெல்ம் குழுவினர் 2003இல் எதிர்மின்சுமை கொண்ட துகள்களை வைத்து இதைத்தான் அளந்து காட்டினார்கள்: முதலில் ஒட்டுவது, பிறகு விழுங்குவது என இரண்டு படிகள். அதே துகளின் மேல் ஆல்புமின் புரதத்தைப் பூசியபோது ஒட்டுவதே வெகுவாகக் குறைந்துவிட்டது.

அந்த ஆல்புமினில்தான் கதையின் பெரிய திருப்பம் இருக்கிறது. நாங்கள் உயிரணு வளர்க்கும் திரவத்தில் வழக்கமாக 10 விழுக்காடு கன்றுக்குட்டிச் சீரம் இருக்கும். அதில் புரதங்கள் ஏராளம். எந்தத் துகளை உள்ளே விட்டாலும் சில நொடிகளிலேயே புரதங்கள் மொய்த்துவிடும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு தேக்கா ஈரச்சந்தைக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்; கதவைத் திறக்கிறவர் சட்டையைப் பார்ப்பதற்கு முன் மீன் வாடையைத்தான் பிடிப்பார். இந்தப் புரதப் போர்வைக்கு 'கொரோனா' என்று 2007 வாக்கில் பெயர் வைத்தார்கள். அப்போது அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் முகக்கவசம் தேடவில்லை.

சீரத்துக்குள் போனால் பாலிஎத்திலீன் இமின் துகளின் நேர்மின்சுமைகூட மறைந்து, பெரும்பாலும் லேசான எதிர்மின்சுமையாகிவிடும். அப்படியென்றால் எந்தப் பூச்சு போட்டாலும் ஒன்றுதானா? ஒன்றில்லை. எந்தப் புரதம் வந்து ஒட்டும் என்பதைக் கீழே உள்ள பூச்சுதான் முடிவு செய்கிறது. நோயெதிர்ப்புப் புரதங்கள் ஒட்டினால், 'இதைத் தின்னு' என்று முத்திரை குத்தியதுபோல் மேக்ரோபேஜ்கள் (அந்நியப் பொருளை விழுங்கும் காவல் உயிரணுக்கள்) வந்து அள்ளிக்கொண்டு போகும். ஆல்புமின் ஒட்டினால் பொதுவாக அவ்வளவு ஆர்வம் காட்டாது. பெக் வேறு வழி எடுக்கிறது. அதன் நீண்ட சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு அசைந்துகொண்டே இருக்கும். புரதம் கிட்டே வருவதே சிரமம். சங்கிலிகள் நெருக்கமாக நட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வழுக்கையான இடத்தில் புரதம் உட்கார்ந்துவிடும்.

சரி, தம்பி செய்த தப்புக்கு வருவோம். ஒரு தடவை சிட்ரேட் தகடு திடீரென்று கும்மென்று நீலமாக வந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். எனக்குச் சந்தேகம். அடர்த்தியான துகள் கரைசலை அப்படியே வளர்ப்புத் திரவத்தில் ஊற்றியிருக்கிறான். திரவத்தில் உள்ள உப்பும் கால்சியமும் சிட்ரேட் துகள்களைச் சேர்த்துக் கட்டியாக்கிவிடும். கட்டிகள் உயிரணுக்கள் மேல் மழையாக இறங்கி உட்கார்ந்துவிடும். நீலச் சாயத்துக்கு உள்ளே, வெளியே என்ற பேதம் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: குளிர். 4 டிகிரி செல்சியஸில் உயிரணு பை கட்டி விழுங்காது. ஒட்டுவது மட்டும் நடக்கும். ஒரு தட்டை 37 டிகிரியிலும் ஒன்றைக் குளிரிலும் வைத்தோம். இரண்டும் ஒரே அளவு நீலம். அதாவது, அவனுடைய நீலத்தில் பெரும்பகுதி வாசல் திண்ணையிலேயே படுத்திருந்தது. கரைசலை நீர்க்க வைத்து, கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட்ட பிறகுதான் உள்ளே போனதற்கும் வெளியே நின்றதற்கும் வித்தியாசம் தெரிந்தது.

அளவு வேண்டுமானால் உயிரணுக்களை அமிலத்தில் கரைத்து இரும்பை எடை போடுவோம். ஓர் உயிரணுவுக்கு 10 பிகோகிராம் இரும்பு என்றால் நல்ல சாப்பாடு. ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். ஆனாலும் அந்தப் பத்துக்குள் 10 நானோமீட்டர் துகள்கள் சுமார் 50 லட்சம் அடங்கும். உள்ளே போனவை லைசோசோம் என்ற அமிலப் பையில் போய்ச் சேரும். சிட்ரேட் போன்ற மெல்லிய பூச்சு அங்கே சீக்கிரம் கழன்று இரும்பு கரையத் தொடங்கும். கரைந்ததை ஃபெரிட்டின் புரதம் எடுத்துச் சேமித்துக்கொள்ளும்.

நிறைய உள்ளே போவதுதான் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. ஈரல் ஸ்கேனுக்காக வந்த ரெசோவிஸ்ட் மருந்தில் துகளுக்குக் கார்பாக்சி டெக்ஸ்ட்ரான் சட்டை. ஈரலின் குப்ஃபர் உயிரணுக்கள் அதை விழுங்க, எம்ஆர்ஐ படத்தில் நல்ல ஈரல் கறுக்கும். குப்ஃபர் உயிரணுக்கள் இல்லாத புற்றுக்கட்டி வெளிறித் தெரியும். அமெரிக்காவில் 2009இல் சிறுநீரக நோயாளிகளின் இரும்புச் சத்துக் குறைபாட்டுக்கு அனுமதி பெற்ற ஃபெரூமாக்சிட்டாலும் இதே சர்க்கரைக் குடும்பப் பூச்சுதான். அதைக் குருத்தணுவுக்குள் அனுப்பிப் பின்தொடரப் பார்த்தால் தானாக லேசில் போகாது. அதற்காக ஹெப்பாரினையும் புரோட்டமினையும் சேர்த்துக் கலக்கி, மூன்றையும் ஒரே கட்டாக்கி உள்ளே அனுப்பும் வழியை 2012இல் வெளியிட்டார்கள். மூன்றுமே மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கும் மருந்துகள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த சாமர்த்தியம்.

தம்பியின் பயிற்சி போன வாரம் முடிந்தது. கடைசி வாரத்தில் அதே மூன்று துகள்களைச் சீரம் இல்லாத திரவத்தில் அவனே விட்டுப் பார்த்தான். சிட்ரேட் தகட்டில் நீலம் ஏறிவிட்டது, இந்தத் தடவை குளிர் தட்டு வெளிறித்தான் இருந்தது. பெக் தகடு அசையவில்லை. குளிர்பெட்டியில் அவன் விட்டுப்போன குழாய்களில் பூச்சின் பெயருக்கு மேலே, பெரிய எழுத்தில், சீரம் உண்டு, சீரம் இல்லை என்று எழுதியிருக்கிறது.